தகட்டுக்குத் தெரியாத நீலம்

1910 ஜனவரி 11, செவ்வாய். தேவகோட்டை

புது நோட்டு வந்துவிட்டது. பழையது கிறிஸ்துமஸோடு தீர்ந்துபோய், பதினைந்து நாளாக வாயைக் கட்டிப் போட்ட மாதிரி இருந்தேன். "எழுதி எழுதி என்னத்தக் கண்ட?" என்று கேட்டுக்கொண்டேதான் என் வீட்டுக்காரர் இதை வாங்கி வந்தார். பாளையங்கோட்டை போர்டிங்கில் எங்கள் மிஸ்ஸம்மா சொல்வார்: படுக்கப் போகுமுன் அன்றைக்குச் சொன்ன பொய்களை எழுதி வையுங்கள், கர்த்தர் முன்னால் நிற்கும்போது நேரம் மிச்சமாகும் என்று. பொய்யை எழுதினேனோ இல்லையோ, எழுதுகிற பழக்கம் ஒட்டிக்கொண்டது.

இன்று படம் பிடித்துக்கொள்ள வந்தது ஓய்வுபெற்ற முன்சீப் குடும்பம், பதினொரு பேர். ஒரு குழந்தை கடைசிவரை காமிராப் பக்கமே திரும்பவில்லை. வருகிற பெண்களுக்கு உடுத்திவிடுவது, உட்கார வைப்பது, முகவாயை நிமிர்த்துவது எல்லாம் நான்தான். ஆண்பிள்ளை கிட்டே போய்ச் சரிசெய்தால் இந்த ஊரில் மறுநாளே கடைக்குப் பூட்டு. ஆகவே பலகையில் மாசிலாமணி ஸ்டூடியோ என்று இருந்தாலும், பாதி ஸ்டூடியோ இந்த ஞானப்பூவுடையது. பலகையில் பெயருக்குக் கீழே 'உள்ளது உள்ளபடி' என்று ஒரு வரி உண்டு. அது இவருடைய யோசனை.

சாயங்காலம் உடுப்புப் பெட்டியைத் துடைத்து அடுக்கினேன். கழுத்துவரை பொத்தான் வைத்த லேஸ் ரவிக்கை மூன்று, பட்டுச்சேலை இரண்டு, வெளிர்நீல மஸ்லின் ஒன்று. இந்த ஊர்ப் பெண்களுக்கு ரவிக்கை கிடையாது. அரக்குக் கட்டம் போட்ட கண்டாங்கியைப் பின்கொசுவம் வைத்து இறுக்கிக் கட்டி, கணுக்கால் தெரிய விறுவிறுவென்று நடப்பார்கள். காதிலும் கழுத்திலும் ஒரு கிராமத்தையே விலைக்கு வாங்கலாம், தோளில் துணி இருக்காது. எனக்குப் பொறுக்காது. இதுவரை பதினேழு பேருக்கு ரவிக்கை போட்டு உட்கார வைத்திருக்கிறேன். எங்கள் உபதேசியார் இந்த ஊரில் ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவந்தவர்கள் அதில் பாதிகூடத் தேறாது.

ஜனவரி 14

பொங்கல். கடைக்கு ஆள் இல்லை. கூட்டிப் பெருக்குகிற ராக்கு கரும்பு கொண்டுவந்தாள். இவருக்குச் சளி.

ஜனவரி 19, புதன்

இன்று வந்தவள் பெயர் சிகப்பி. நெற்குப்பையில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்ட செட்டியார் வீட்டுப் பெண், இருபத்திரண்டு வயது. தாயின் தங்கையைத் துணைக்கு அழைத்து வந்திருந்தாள். பேசியதெல்லாம் அந்தச் சின்னாத்தாள்தான்.

கல்யாணமாகி ஆறு வருஷம், பிள்ளை இல்லை. புருஷன் வயிரவன் செட்டியார் ரங்கூனுக்குப் போய் நாலு வருஷமாகிறது. மூன்று வருஷத்துக்குப் போனவர் தவணை முடிந்தும் திரும்பவில்லை. இதற்குள் மாமியார் இரண்டாம் தாரத்துக்கு ஜாதகம் சேர்த்துவிட்டாளாம். அவர் சரி என்றும் எழுதவில்லை, வேண்டாம் என்றும் எழுதவில்லை. போன மாதம் சிகப்பிக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது: 'உன் முகம் எனக்கு மறந்துகொண்டு வருகிறது. ஒரு படம் எடுத்து அனுப்பு. பார்த்துவிட்டு ஆத்தாளுக்கு ஒரு பதில் எழுதுகிறேன்.' சின்னாத்தாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்தா அடுத்த கப்பல்ல ஏறணும். அப்படி எடுத்துக் குடுங்க" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவளை அனுப்பினால் அப்படித்தான் அனுப்புவது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

வந்த கோலத்திலேயே உட்காரட்டும் என்றார் இவர், இருட்டறையிலிருந்தபடியே. புருஷனுக்கு அடையாளம் தெரிந்தால் போதாதா என்றார். அரக்குச் சேலை காமிராவின் கண்ணாடித் தகட்டில் கரியாக விழும், மஞ்சள் பூசிய முகமும் கறுக்கும், நாலு வருஷம் கழித்துக் கரிமூட்டையையா அனுப்புவது என்று நான் கேட்டேன். இருட்டறைத் திரையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

சோப்புப் போட்டு முகத்து மஞ்சளைக் கழுவ வைத்தேன். பவுடர் ஒற்றினேன். லேஸ் ரவிக்கையைக் கழுத்துவரை பூட்டினேன். நீல மஸ்லினை உடுத்தி, நாங்கள் கோவிலுக்குப் போவதுபோல் தலையில் முக்காடு இட்டேன். நிலைக்கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றாள். "நான் மாதிரியே இல்ல" என்றாள். அதுதானே வேண்டும் என்றேன்.

முதல் தகடு வீண். பின்கழுத்தில் இரும்புக் கவையைப் பொருத்தி, நாலு எண்ணும்வரை அசையாதே என்று படித்துப் படித்துச் சொல்லியும், கையை நெற்றிக்குக் கொண்டுபோய்விட்டாள். புழுக்கம். இரண்டாவது தகட்டில் பதுமையாக இருந்தாள்.

ஜனவரி 21, வெள்ளி

படம் அச்சாகிவிட்டது. நான் செய்ததிலேயே இதுதான் அழகு. நீல மஸ்லின் தும்பைப்பூவாய் விழுந்திருக்கிறது. முகம் துலக்கி வைத்த வெள்ளி. என் கல்யாணப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நானும் வெள்ளையில்தான் கட்டினேன், இதே முக்காடு, இதே கழுத்துப் பொத்தான். தங்கச்சி என்று சொன்னால் நம்புவார்கள்.

ராக்கு கூட்டிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தாள். "யாரும்மா இது, பாவம். இந்த வயசுலயா?" என்றாள். அவளுக்கு என்ன தெரியும். விளக்குமாற்றைப் பிடிக்கிறவள் படத்தைப் பற்றிப் பேச வந்துவிட்டாள்.

இவர் படத்தைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வந்தார், இருமல் வந்துவிட்டது.

ஜனவரி 22

காலையில் சின்னாத்தாள் வந்து வாங்கிப் போனாள். உறையில் போட்டு நானே ஒட்டிக் கொடுத்தேன். பிரித்துப் பார்க்கட்டுமா என்றாள். தபாலுக்கு நேரமாகிறது, மடிப்பு விழும் என்றேன்.

பிப்ரவரி 3

வாசல் கண்ணாடிப் பெட்டியில் சிகப்பி படத்தின் பிரதி ஒன்றை வைத்தேன். நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். பெண்கள் யாரும் உள்ளே வரவில்லை.

பிப்ரவரி 17

முட்டை விலை ஏறிவிட்டது. பெட்டியிலிருந்து அந்தப் படத்தை எடுத்துவிட்டேன். வெயிலில் மங்கிவிடும்.

மார்ச் 2, புதன்

சிகப்பி வந்தாள். தனியாக, நடந்தே வந்தாள். அரக்குக் கண்டாங்கி, முகத்தில் மஞ்சள், நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம். முதலில் அடையாளம் தெரியாமல் யாரம்மா என்று கேட்டுவிட்டேன்.

ரங்கூனில் இவர்கள் ஆண்பிள்ளைகள் எல்லோரும் கிட்டங்கி என்று ஒரு நீளக் கூடத்தில்தான் இருப்பார்களாம். ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு பாய். தபால் வந்தால் எல்லோர் முன்னாலும்தான் பிரிக்க வேண்டும். பெண்டாட்டி படம் வந்திருக்கிறது என்று கேலி பேசிக்கொண்டு சுற்றி உட்கார்ந்தவர்கள், படத்தைக் கண்டதும் தள்ளி உட்கார்ந்தார்களாம். வெள்ளைச் சேலை, முக்காடு, நெற்றியில் பொட்டில்லை, கழுத்தில் தாலி தெரியவில்லை. அங்கிருந்த பெரியவர் எழுந்து, வயிரவா போய்த் தலை முழுகு என்றாராம்.

"அவுகளுக்கு அவுகளே தலை முழுகிட்டு வந்தாகளாம்" என்றாள்.

அழவில்லை. மனப்பாடம் செய்துகொண்டு வந்தவள்போல வரிசையாகச் சொன்னாள். அன்றைக்கே அவருக்குக் காய்ச்சல் கண்டிருக்கிறது. பத்து நாள். எழுந்ததும் தாய்க்குக் கடிதம்: நான் இருக்கும்போதே வெள்ளை கட்டிப் படம் பிடித்தவள் எனக்கு வேண்டாம், பெண் பாருங்கள். படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று அப்போதே சொன்னேனே என்கிறாளாம் மாமியார். நீலச் சேலைதான் கட்டினேன் என்று சிகப்பி தலையில் அடித்துச் சத்தியம் செய்தும் வீட்டில் நம்புவார் இல்லை. சின்னாத்தாள் சொல்லுக்கும் மதிப்பில்லை, பெண்ணைப் பெற்ற வீட்டு ஆள்.

"படம் பொய் சொல்லுமாங்குறாக. நீங்க ஒரு வரி எழுதிக் குடுங்க போதும். சேல நீலம், இந்த மெசினு அத வெள்ளையாக் காட்டும்னு. வேற ஒண்ணும் வேணாம். பொண்ணு பேசி முடிக்கிறதுக்குள்ள அவுக கைக்குப் போயிறணும்."

வெள்ளிக்கிழமைத் தபாலில் போய்விடும் என்று கையடித்துக் கொடுத்தேன். அவர் விலாசத்தை ஒரு சீட்டில் யாரிடமோ எழுதி வாங்கி முந்தியில் முடிந்து வைத்திருந்தாள். அவிழ்த்துக் கொடுத்தாள். போகும்போது உடுப்புப் பெட்டியை ஒரு தடவை பார்த்தாள்.

மார்ச் 3

இவரிடம் சொன்னேன். வெகுநேரம் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்:

"நாமளே நம்ம படம் பொய் சொல்லும்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, பலகையைக் கழற்றிட்டு ஊருக்கு வண்டி ஏற வேண்டியதுதான். ஒரு பொம்பளை இந்த வாசப்படி ஏறுவாளா?"

அவள் வாழ்க்கை என்றேன். எனக்கும் தெரியும் என்றார். தகட்டுக்கு நீலமும் வெள்ளையும் ஒன்று, சிவப்பும் கறுப்பும் ஒன்று, இதை உனக்குக் கல்யாணமான புதிதிலேயே சொல்லிக்கொடுத்தேன் என்றார். அன்றைக்கே அவள் சேலையில் உட்காரட்டும் என்றேனே என்றும் சொன்னார். இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ராத்திரிச் சோற்றை அவரே போட்டுக்கொண்டார்.

அவருக்குத் தெரியாமல் எழுதப் போகிறேன்.

மார்ச் 4, வெள்ளி

எழுதினேன். நாலு பக்கம் வந்தது. படித்துப் பார்த்தால் மூன்று பக்கம் என் நியாயம். கிழித்துவிட்டேன்.

மார்ச் 6

ஞாயிறு. ஓய்வுநாளில் வேலை கூடாது.

மார்ச் 9

இன்று ஒரே பக்கத்தில் முடித்தேன். 'சேலை வெளிர்நீலம். தகட்டின் குறையால் வெள்ளையாக விழுந்தது. மஞ்சளைக் கழுவச் சொன்னதும், ரவிக்கையால் தாலி மறைந்ததும், முக்காடு இட்டதும் என் செயல். உங்கள் மனைவி மேல் எள்ளளவும் குற்றமில்லை.' கையெழுத்துப் போட்டேன். நன்றாக வந்திருக்கிறது.

தபாலாபீசுக்கு இவர்தான் போவார். ராக்குவிடம் கொடுத்தால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். நாளைக்கு நானே போக வேண்டும்.

மார்ச் 10

வெயில் தாங்கவில்லை.

மார்ச் 12

கலெக்டர் முகாம். குரூப் படம் மூன்று. நிற்க நேரமில்லை.

மார்ச் 19, சனி

சந்தையில் சின்னாத்தாளைப் பார்த்தேன். தூரத்திலேயே என்னைக் கண்டுகொண்டு கத்தரிக்காய்க் கூடைகளைத் தாண்டி ஓடிவந்தாள். "போச்சாம்மா?" என்றாள். போச்சு என்றேன். என் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கடிதம் உடுப்புப் பெட்டியில் நீல மஸ்லினுக்கு அடியில் இருக்கிறது. மிஸ்ஸம்மா, இதோ எழுதிவிட்டேன்.

மார்ச் 27. உயிர்த்தெழுந்த ஞாயிறு

வெள்ளைச் சேலை கட்டிக் கோவிலுக்குப் போனேன். எங்களுக்கு வெள்ளைதான் ஞானஸ்நானத்துக்கும், கல்யாணத்துக்கும், இந்த நாளுக்கும். போகிற வழியில் நெய்க்குடத்தோடு வாசல் இறங்கிய ஓர் ஆச்சி, எதிரே என்னைக் கண்டதும் உள்ளே திரும்பிப் போனார். கொஞ்சம் தள்ளி இன்னொருவர். இந்தத் தெருவில் நாலு வருஷமாக ஞாயிறு தவறாமல் இப்படித்தான் நடக்கிறேன். திரும்பிப் போகிறவர்கள் எதையோ மறந்துவிட்டு எடுக்கப் போகிறார்கள் என்றே இதுநாள்வரை நினைத்திருந்தேன்.

பிரசங்கம் காதில் ஏறவில்லை.

ஏப்ரல் 16, சனி

வயிரவன் செட்டியார் கப்பலில் வந்து இறங்கிவிட்டார். பெண் பேசியாகிவிட்டது, வைகாசிக் கடைசியில் முகூர்த்தம். சிகப்பியை வண்டியேற்றி நெற்குப்பைக்கு அனுப்பிவிட்டார்கள். போகும்போது கூண்டு வண்டியின் பின்படுதாவைத் தூக்கி இந்த வாசலைப் பார்த்தாளாம். ராக்குதான் சொன்னாள். நான் உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 19-ஆம் தேதியைத் திருப்பிப் படித்தேன். முதல் தகடு வீணானதற்குப் புழுக்கம் என்று எழுதியிருக்கிறேன். புழுக்கமில்லை, அது தை மாதம். அவள் கேட்டாள். நெற்றியைத் தொட்டு, "பொட்டு வைக்கலியே" என்று வாய்விட்டுக் கேட்டாள். அசையாதே, அது படத்தில் கறுப்பு மச்சமாக விழும், அப்புறம் வைத்துக்கொள் என்று நான்தான் கையை இறக்கிவிட்டேன். பொட்டு வைக்காத முகத்தைத் தினமும் கண்ணாடியில் பார்க்கிறவள் நான். எனக்கு அங்கே ஒன்றும் குறைந்ததாகத் தெரியவில்லை. அதற்காகக் கேட்டவளின் கையையா இறக்குவார்கள்?

இன்னொன்றும் எழுதாமல் விட்டேன். ராக்கு 'இந்த வயசுலயா' என்றது அன்று பொழுது சாய்வதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. உறையை ஒட்டும்போது தெரிந்துதான் ஒட்டினேன். வேறு தகடு போட்டு மறுபடி எடுக்க ஒரு மணி நேரம் போதும். படம் அவ்வளவு அழகாக இருந்தது. இவர் எதிரில் நான் செய்தது தப்பு என்று சொல்ல மனமில்லை. சின்னாத்தாள் பிரித்துப் பார்க்கக் கேட்டபோதும் கொடுக்கவில்லை.

என் அம்மை பத்து வயதில், தெற்கே திருவாங்கூர்ப் பக்கம், குப்பாயம் என்கிற மேல்சட்டை போட்டுச் சந்தைக்குப் போனாளாம். உங்கள் சாதிக்குத் தோளில் துணி எதற்கு என்று கேட்டு ஊரார் பார்க்கக் கிழித்திருக்கிறார்கள். சாகும்வரை அந்த இடத்தில் தோளைப் பிடித்துக்கொண்டுதான் அதைச் சொல்வாள். அதனால்தான் வருகிறவளுக்கெல்லாம் ரவிக்கை மாட்டினேன். புண்ணியம் என்று எண்ணிக்கொண்டு மாட்டினேன். உனக்கு வேண்டுமா என்று பதினெட்டுப் பேரில் ஒருத்தியைக்கூடக் கேட்கவில்லை. அம்மையிடம் கேட்காமல் கழற்றினார்கள், நான் கேட்காமல் மாட்டினேன்.

இனித் தபால் எதற்கு. ஆளே வந்தாயிற்று. அவர் வீடு வடக்குத் தெரு, நடந்தால் நாலு நிமிஷம்.

ஏப்ரல் 20

போகவில்லை.

ஏப்ரல் 29

வடக்குத் தெரு முனைவரை போனேன். பந்தலுக்கு மூங்கில் இறங்கிக்கொண்டிருந்தது. உப்பு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். வீட்டில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது.

மே 14

வால் நட்சத்திரம் பார்க்க விடியற்காலையில் ஊரே மொட்டைமாடியில் நிற்கிறது. சக்கரவர்த்தி இறந்ததுகூட அதனால்தான் என்கிறார்கள். முன்சீப் வீட்டில் பசு செத்ததும் அதனால்தானாம். பழி போட எல்லோருக்கும் ஒரு நட்சத்திரம் கிடைக்கிறது.

ஜூன் 13, திங்கள்

கல்யாணம் வெள்ளிக்கிழமை முடிந்தது. இன்று காலை பத்து மணிக்கு வாசலில் வண்டி நின்றது. மாப்பிள்ளை, பெண், கூட ஒரு நாத்தி. ரங்கூனுக்குக் கொண்டுபோக ஜோடிப் படம் வேண்டுமாம். ஊரில் வேறு ஸ்டூடியோ இல்லை. இவர் என்னைப் பார்த்தார். நான் பெண்ணை உள்ளே அழைத்துப் போனேன்.

அழகம்மை என்று பெயர், பதினாறு வயது. உடுப்புப் பெட்டியை நான் திறக்கவே இல்லை. அவளை அரக்குக் கண்டாங்கியிலேயே விட்டேன். மஞ்சளைத் தொடவில்லை. கழுத்திலிருந்த தாலியை எடுத்து வெளியே தெரிய நடுமார்பில் வைத்தேன். குங்குமம் வியர்வையில் கலைந்திருந்தது. நாத்தியிடம் சிமிழை வாங்கி, வாழ்க்கையில் முதல் தடவையாக இன்னொருத்தி நெற்றியில் பொட்டு வைத்தேன். "சட்டை போட்டு விடுவீகன்னு சொன்னாகளே" என்று அந்தப் பெண் ஏமாற்றத்தோடு கேட்டது. உனக்கு இதுதான் அழகு என்றேன். எல்லாவற்றையும் சரியாகச் செய்தேன். ஒன்றுகூட விடவில்லை.

சேலை கரியாக விழுமே என்றார் இவர் மெதுவாக. விழட்டும் என்றேன்.

வயிரவன் செட்டியாரை இன்றுதான் கிட்டத்தில் பார்க்கிறேன். மனதில் ஓர் அரக்கனை வரைந்து வைத்திருந்தேன். ஒல்லியான, முன்மண்டை வழுக்கையான, கூச்சப்படுகிற மனிதர். காய்ச்சலின் மிச்சம் கண்ணில் இருந்தது. பெண்ணை நாற்காலியில் உட்கார வைத்துக் கழுத்துக்குக் கவை பொருத்திக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் வந்து நின்றவர் என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"முன்ன ஒரு படம் இங்கதான எடுத்தது?"

ஆமாம் என்றேன்.

"அந்தச் சேல நீலம்னு சொன்னா. நெசமா?"

நாத்தி ஜன்னல் பக்கம் தொங்கிய ஒரு படுதாவில் வரைந்திருந்த ஏரியையும் தூணையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அழகம்மை அசையக் கூடாது என்று நான் சொன்னதால் அசையாமல், கண்ணை மட்டும் உருட்டி என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் கேட்டது. மூன்று நாள் தாலி. இவர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுக்கவில்லை.

இல்லை என்று சொன்னால் இந்தப் பெண் நன்றாக இருப்பாள், சிகப்பி நெற்குப்பையில் பொய்க்காரியாகவே இருப்பாள். ஆமாம் என்றால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். மார்ச் மாதம் அரையணாச் செலவில் முடிந்திருக்க வேண்டிய காரியம் இது.

"நீலந்தாங்க" என்றேன். "பொட்டும் கேட்டாங்க. நான்தான் வைக்க விடல."

அவர் தலையை ஆட்டினார். கேட்டுக்கொண்டேன் என்கிற மாதிரி, இரண்டு மூன்று தடவை ஆட்டினார். பிறகு போய்த் தன் இடத்தில் நின்று, நாற்காலி முதுகில் கையை வைத்துக்கொண்டு, எடுக்கலாமா என்றார்.

இவர் நாலு எண்ணினார்.

ஜூன் 14

தகட்டைக் கழுவியாகிவிட்டது. பெண் துல்லியமாக விழுந்திருக்கிறாள். தாலி, பொட்டு, கட்டம் போட்ட சேலை எல்லாம் கறுப்பாக, ஆனால் தெளிவாக. அவர் முகம் மட்டும் கலைந்துவிட்டது. கண்ணும் மூக்கும் எங்கே என்று தெரியவில்லை. அசைந்துவிட்டார், மறுபடி கூப்பிட்டு எடுக்க வேண்டும் என்றார் இவர். அவர் அசையவில்லை. நான் எதிரேதான் நின்றேன். கால், கை, தோள் எதுவும் அசையவில்லை. முகம்தான் நிற்கவில்லை.

சொல்ல வேண்டிய காலத்தில் பெட்டிக்குள் வைத்துவிட்டு, சொல்லக் கூடாத இடத்தில் சொல்லியிருக்கிறேன். ஒருத்திக்குச் செய்தது போதாது என்று இரண்டாவது ஒருத்திக்கும்.

ஜூன் 16

படத்தை வாங்க யாரும் வரவில்லை. இவரிடம் கடிதத்தை எடுத்துக் காட்டினேன். படித்தார். தபால் தலைகூட ஒட்டியிருக்கியே என்றார். நாளை மறுநாளுக்கு நெற்குப்பைக்கு வண்டி சொல்லி வைத்தார்.

ஜூன் 18, சனி. நெற்குப்பை போய்த் திரும்பி

சின்னாத்தாள்தான் கதவைத் திறந்தாள். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அது நியாயம்.

சிகப்பி பின்கட்டில் வடகம் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அதே அரக்குக் கண்டாங்கி, முகத்தில் மஞ்சள், நெற்றி நிறையக் குங்குமம். முன்னைவிடப் பெரிதாக வைத்திருந்தாள். உட்காருங்க என்று முக்காலியைத் துடைத்துப் போட்டாள். மோர் கொண்டுவந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம் போகவே இல்லை என்று சொன்னேன். அன்றைக்கே புரிந்தும் உறையை ஒட்டினேன் என்று சொன்னேன். நினைத்ததைவிடச் சீக்கிரம் சொல்லி முடித்துவிட்டேன். மன்னித்துவிடு என்று மட்டும் வாய் வரவில்லை. அதைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

அவள் காக்கையை ஓட்டிக்கொண்டே கேட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. திங்கட்கிழமை அவர் வந்ததைச் சொன்னபோதுதான் கை நின்றது.

"அவுகளாக் கேட்டாகளா? நீலமான்னு?"

"அவராத்தான் கேட்டார்."

"நீங்க எடுத்துக் குடுக்காம?"

"நான் வாயே திறக்கல. அவரே கேட்டார்."

வடகத் துணியின் மூலையை இழுத்துச் சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது, மறுபடியும் இழுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "இன்னொரு தடவ சொல்லுங்க. அவுக என்ன சொல்லிக் கேட்டாக?" என்றாள்.

அந்தச் சேலை நீலம் என்று சொன்னாள், நிஜமா என்று கேட்டார் என்றேன். அவர் சொன்ன மாதிரியே, ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் சொன்னேன்.